ஐந்து புஸ்வாணமும் ஐயாயிரம் பேரும்

தனுஷ்கோடி முதலாளிக்கு ஒரே நாள் பயிற்சியில் ஞானம் வந்தது. விருதுநகரில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து, நாற்பது வியாபாரிகளுக்கு மொத்தமாக வழங்கப்பட்ட ஞானம் அது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கு வாசலில் செருப்பைத் தேடும்போதே இறங்கிப் போயிருக்கும். தனுஷ்கோடி மட்டும் அதைக் காரில் ஏற்றி நாரணாபுரம் வரை கொண்டுவந்து, தன் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் ஊர்க்காவலன் தலையில் இறக்கினார்.

"ஊர்க்காவலா, இயேசுநாதர் அஞ்சு அப்பத்த வச்சு ஐயாயிரம் பேருக்குப் பசியாத்துன கதை தெரியுமாய்யா?"

"தெரியும் மொதலாளி. ரெண்டு மீனும் உண்டு."

"மீனை விடு. எப்பிடி அம்புட்டுப் பேருக்கும் காணுச்சு? மொதல்ல நன்றி சொன்னாருய்யா! பெருகுறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாரு. அங்கனதான் சூட்சுமமே இருக்கு. நாம என்ன செய்யிறோம்? சம்பாரிச்ச பெறகு நன்றி சொல்லுதோம். அதான் வெளங்கல."

ஊர்க்காவலன் இந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். சம்பாதித்த பிறகும் முதலாளி யாருக்கும் நன்றி சொல்லி அவர் கேட்டதில்லை. ஒருவேளை விருதுநகரில் வைத்துச் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டார்.

"வார வெள்ளிக்கெழம ட்ரெய்னர் ஹரிஷ்குமார் மதுரையில இருந்து வாராரு. இருக்கிற புஸ்வாணம் அம்புட்டையும் பேக்கிங் கொட்டகையில மலை மாதிரி குவிச்சிரு. அதுக்கு முன்னால நூத்தியிருவது பேரும் நின்னு கையெடுத்துக் கும்பிடணும். அத வீடியோ எடுத்து டீலருக்கெல்லாம் அனுப்பப் போறேன். நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் நம்ம டீலர்க பாதிப் பேரு கிறிஸ்தவங்க. பாத்தா உருகிருவாக."

"மொதலாளி, குவிக்கவா சொல்லுதீக?"

"வெளக்கு, சூடம் ஒண்ணும் கெடையாது. அம்புட்டுக்கு நான் முட்டாள் இல்ல. பேட்டரி மெழுகுவத்தி நூத்தியிருவது ஆர்டர் போட்டாச்சு."

முதலாளி முட்டாள் இல்லை என்பது சரிதான். அவர் மிளகாய் வியாபாரி. விருதுநகரில் அவருடைய குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வத்தல் சேர்த்துவைக்கும் கிட்டங்கி உண்டு. பட்டாசுக் கம்பெனி பின்னால் வாங்கிச் சேர்த்தது. வத்தலைப் பொறுத்தவரை குவியல்தான் எல்லாம். கிட்டங்கிக்குள் நுழைகிறவன் கண்ணில் சிவப்பாக ஒரு மலை தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். வத்தல் குவியலால் வரக்கூடிய கேடு தும்மல் மட்டுமே. தாத்தா குவித்தார், அப்பா குவித்தார், பேரனுக்கும் கை அரிக்கிறது.

பட்டாசுக் கம்பெனி இதற்கு நேர் எதிரான தொழில். அங்கே எல்லாமே குவியாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, ஒரு பெரிய கட்டடமாகக் கட்டுவதற்குக் கையில் காசில்லாதவன் செய்த வேலை போலத் தெரியும்: கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், நடுவில் வெறும் பொட்டல். அந்தப் பொட்டல்தான் உயிர் காக்கிறது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவாத தூரம் அது. ஓர் அறைக்கு நான்கு பேர்தான். கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்கும், ஏனென்றால் ஓடுகிறவனுக்குக் கதவை இழுத்துத் திறக்க நேரம் இருக்காது. அறைக்குள் இருக்கும் வெடிமருந்து கைவேலைக்கு வேண்டிய அளவு மட்டும். அது தீர்ந்தால்தான் கிட்டங்கியிலிருந்து அடுத்த அளவு வரும். நிறையக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் நடை மிச்சம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் படங்களுக்கு மாலை போட்டிருக்கிறார்கள்.

ஊர்க்காவலனுக்கு இந்த ஏற்பாட்டின் மீது காதலே உண்டு. கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, கடைசியில் லாரி லாரியாக அனுப்புகிற வேலை. புதிதாகச் சேருகிற பெண்களை உட்காரவைத்து அரை நாள் விளக்குவார். கொட்டாவி விட்டவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து விளக்குவார்.

அந்த அப்பக் கதையும் அவருக்கு அப்படித்தான் பிடித்துப்போயிருந்தது. சாத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கதையைச் சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் அற்புதத்தை நினைத்து வாயைப் பிளந்தால், ஊர்க்காவலன் பரிமாறியதை நினைத்து வாயைப் பிளப்பான். ஐயாயிரம் பேரை முட்டி மோத விடாமல், ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்துப் புல்லில் உட்காரவைத்தார்கள். அப்படியென்றால் நூறு கூட்டம். பரிமாறப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு எட்டுக் கூட்டம் போக நாலு கூட்டம் மிஞ்சுகிறதே, அதை யார் பார்த்தார்கள் என்று எழுந்து கேட்டதற்கு முழங்கால் போட வைத்தார்கள். முழங்காலில் நின்றபடியும் அவன் அதைத்தான் யோசித்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சிந்திய துண்டுகளைக்கூட விடாமல் பன்னிரண்டு கூடைகளில் பொறுக்கி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் தரையைச் சுத்தமாக்குகிறவர்களே நல்ல வேலைக்காரர்கள் என்ற ஊர்க்காவலனின் அபிப்பிராயம் இன்றுவரை மாறவில்லை. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் சாமியோ இல்லையோ, முதல்தரமான போர்மேன்.

அந்தக் கதையிலிருந்து முதலாளி காதில் விழுந்தது 'ஐயாயிரம்' மட்டும்.

"மொதலாளி, ஒரு சின்ன விசயம்," என்றார் ஊர்க்காவலன். "அவரு நன்றி சொன்னப்ப கையில அஞ்சுதான் இருந்துச்சு. எதிர்க்க மலை ஒண்ணும் இல்ல."

"அஞ்சப் பாத்து எவனாவது நன்றி சொல்லுவானா? நெறஞ்சு கெடக்கத கண்ணால பாக்கணும், பாத்து மனசு குளுந்து சொல்லணும். ட்ரெய்னரே அப்பிடித்தான் சொன்னாரு."

"நெறஞ்ச பெறகு சொன்னா அதுல அற்புதம் என்ன மொதலாளி இருக்கு?"

"ஏய்யா, பாதிரியார் வேலைக்கா ஒன்னைய வச்சிருக்கேன்? வெள்ளிக்கெழம குவியல் இருக்கணும். இல்லன்னா சனிக்கெழம வேற போர்மேன் இருப்பான். போர்மேன் சர்ட்டிபிகேட்ட வச்சுக்கிட்டு சிவகாசியில பத்துப் பேரு நிக்கான்."

கார் கிளம்பிப் போயிற்று. ஊர்க்காவலனுக்கு ஐம்பத்து நான்கு வயது. முதலாளியோடு மல்லுக்கட்டி வெளியே வந்த ஐம்பத்து நான்கு வயது போர்மேனை இந்த வட்டாரத்தில் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். குவிக்காவிட்டால் வேலை போகும். குவித்தால், ஆடிக் காற்றில் சருகாய்க் காய்ந்த புஸ்வாணங்களைச் சுற்றி நூற்றியிருபது பேர், ஒரே கொட்டகையில், ஒரே பக்கம் வழியோடு.

மருந்து அடைக்கும் பெண்களில் மூத்தவள் மாடத்தி. செய்தி அவள் காதுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட்டது. தூக்குச்சட்டியும் கையுமாக வந்தாள்.

"என்னண்ணே, மொதலாளி வேதத்துக்கு மாறிட்டாராம்ல?"

"வீடியோவுக்கு மாறியிருக்காரு."

"நாங்க எதுக்கு நன்றி சொல்லணுமாம்?"

"வரப்போற ஆர்டருக்கு."

"ஆர்டரு அவருக்கு, நன்றி எங்க வாயிலயா? நல்லாருக்கே. அவரு வீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்க ஏப்பம் விடணுமாக்கும்." அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "குவிக்கப் போறியாண்ணே?"

"இல்ல."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹரிஷ்குமார் வந்து இறங்கினார். மினுமினுக்கும் நீலக் கோட்டு, கூர்மூக்குச் சப்பாத்து, காதில் ஒரு கருவி, கையில் இரண்டு போன், பின்னால் கேமராக்காரர். கேட்டிலேயே ஊர்க்காவலன் மறித்தார்.

"சப்பாத்தக் கழட்டிருங்க சார். அடியில ஆணி இருக்கும்."

"ஆணியா? இது ப்ராண்டட் ஷூ."

"பிராண்டு ஆணியும் பொறி தட்டும் சார். போனு ரெண்டையும் இங்கன வைங்க. காதுல உள்ளதும். கோட்டு என்ன துணி?"

"பாலியஸ்டர் மிக்ஸ்."

"கழட்டிருங்க. அது ஒடம்புல உரசி உரசி மின்சாரம் சேக்கும். ராத்திரி சட்டையக் கழட்டுறப்ப சடசடங்கும்ல, அதேதான். வீட்டுல அது வெளையாட்டு, இங்கன இல்ல."

கதர் முண்டா பனியனும் காக்கி அரைக்கால் சட்டையும் கொடுத்தார்கள். நாற்பது வியாபாரிகளைத் தலையாட்ட வைத்த மனிதர் வெறுங்காலோடு பொட்டலில் நின்று கால் மாற்றி மாற்றித் தவித்தார். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னதும் கும்பிடுவதற்கு வைத்தது என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தகடு உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவதற்கு என்று ஊர்க்காவலன் பொறுமையாகச் சொன்னார்.

"இங்க எவ்வளவு மருந்து இருக்கும்?" என்று ஹரிஷ்குமார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அந்தக் கேள்வியை ஊர்க்காவலனிடம் யாருமே கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆபீஸ் பக்கத்து வேப்பமர நிழலில் அவரை உட்காரவைத்து, மருந்து அடைக்காத காகிதக் கூடு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"இப்பிடிப் பாருங்க சார். அடி அகலம், மேல குறுகலா வாய். உள்ள மருந்து, மருந்துக்குள்ள இரும்புத் தூளு. வாயில தீய வச்சா மருந்து மேல இருந்து கீழ ஒரு சீரா எரியும். அந்த ஆவி வெளிய போக இந்த வாய் ஒண்ணுதான் வழி. அது முட்டித் தள்ளிக்கிட்டு வாரப்ப இரும்புத் தூளச் சேத்துத் தூக்குது. அதான் நாம பாக்க பூ. எம்புட்டு அழகான ஏற்பாடு பாத்தீகளா? தரையில நிமுந்து நிக்கிற வரைக்குந்தான் அது பூ."

"சரி."

"இப்ப ஆயிரத்தக் குவிச்சு வச்சிருக்கோம்னு வைங்க. ஒண்ணோட வாய் இன்னொண்ணோட வயித்துல குத்திக்கிட்டுக் கெடக்கும். ஒண்ணு எரிஞ்சா பூ மேல போகாது, பக்கத்து வயித்தத் தொளச்சுக்கிட்டுப் போகும். அது அடுத்தத, அடுத்தது அதுக்கடுத்தத. நீங்க அஞ்சு எண்ணுறதுக்குள்ள கொட்டகையில கூரை இருக்காது. குவியலுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கது யாருன்னா, மொகம் தெரியணும்னு முன்னால நிக்கிறவுக. நீங்களும் மொதலாளியும்."

ஹரிஷ்குமார் கையிலிருந்த வெறுங்கூட்டை மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் வைத்தார்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். கொட்டகையை எட்டிப் பார்த்தார். வெறும் தரை. ஆட்கள் நாலு நாலு பேராக அவரவர் அறையில் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் பித்தளைத் தட்டு ஒன்றில் ஐந்து காகிதக் கூடுகள்.

"குவியல் எங்கய்யா?"

"கதையில உள்ளபடி செஞ்சிருக்கேன் மொதலாளி. ட்ரெய்னர் சாரையே கேளுங்க. நன்றி சொன்னப்ப கையில எத்தன இருந்துச்சு சார்?"

"அஞ்சு," என்றார் ஹரிஷ்குமார், உடனே.

"கூட்டத்த ஒரே எடத்துல நிக்க வச்சாகளா, பிரிச்சு உக்கார வச்சாகளா?"

"பிரிச்சு, பிரிச்சு. சின்னச் சின்னக் குரூப்பா." அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "சார், இதான் சார் ஒரிஜினல். கொஞ்சத்துல நன்றி சொல்றதுலதான் பவரே இருக்கு. நாலு பேர் போதும். மிச்சத்த எடிட்டிங்ல பாத்துக்கலாம். சீக்கிரம் எடுத்துட்டுக் கிளம்பிடலாம்."

"அன்னைக்கு ஹால்ல மலை மாதிரின்னீகளே?"

"அது மனசுல சார். மனசுல மலை."

முதலாளி ஊர்க்காவலனை முறைத்தார். ஆயினும் காசு கொடுத்து வாங்கிய ஞானம் அல்லவா, அதை விற்றவனே மாற்றிச் சொல்லும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கேட்டுக்கு வெளியே, மருந்து நெருங்காத தூரத்தில், மாடத்தியையும் அவள் அறையைச் சேர்ந்த மூன்று பெண்களையும் தட்டின் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "இன்னும் நன்றியா பாருங்கம்மா," என்று ஹரிஷ்குமார் கெஞ்சினார். "வெறுங்கூட்டப் பாத்து இம்புட்டுத்தான்யா வரும்," என்றாள் மாடத்தி. நடுவில் அவளுக்குக் காது அரித்தது, சொறிந்துகொண்டாள். ஐந்தே நிமிஷத்தில் கார் மதுரை ரோட்டைப் பிடித்துவிட்டது. பனியனைத் திருப்பித் தரக்கூட அவர் நிற்கவில்லை.

இரண்டு வாரத்தில் வீடியோ வந்தது. கம்பெனி வாசல் டீக்கடையில் ஆளாளுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வானத்திலிருந்து தங்க நிறத்தில் ஒளி இறங்குகிறது. ஐந்து கூடுகள் ஐம்பதாகி, ஐந்நூறாகி, பரங்கிமலை உயரத்துக்கு எழும்புகின்றன. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நன்றி சொல்லும் தொழிலாளிகள். அத்தனை பேருக்கும் நாலே முகம். ஆயிரத்துச் சொச்சம் மாடத்திகள் ஒரே நொடியில், ஒரே காதை, ஒரே விரலால் சொறிந்தார்கள்.

"என் வீட்டுக்காரரு ஒரு மாடத்தியவே தாங்க முடியலம்பாரு," என்றாள் மாடத்தி. "இதக் காட்டுனா ஊர விட்டே ஓடிருவாரு."

ஆனால் டீலர்கள் உருகிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் முதலாளி கணக்குத் தப்பவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனி என்று தெரியாமல் போயிற்றே என்று போனுக்கு மேல் போன். போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு ஆர்டர். தனுஷ்கோடி காரில் பறந்து வந்தார்.

"பாத்தியாய்யா? பெருகிருச்சு! நாளையில இருந்து ரூமுக்கு எட்டுப் பேரு. மருந்தும் ரெட்டிப்பா எறக்கிரு. தீவாளிக்குள்ள முடிக்கணும்."

"நாலு பேருக்கு மேல உக்கார வைக்க மாட்டேன் மொதலாளி. எடம் அம்புட்டுத்தான்."

"அப்ப ஆர்டர எப்பிடி முடிக்க?"

"வீடியோவுல இருக்க ஐயாயிரம் பேரையும் வரச் சொல்லுங்க. நான் ஒக்காந்து வேல சொல்லிக் குடுக்கேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். முதலாளி முகம் அவர் கிட்டங்கி வத்தல் நிறத்துக்கு வந்தது.

"கிட்டங்கிச் சாவிய வச்சிட்டு வெளிய போய்யா."

ஊர்க்காவலன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். அறை அறையாகப் போய், கையில் உள்ள மருந்தை மூடிவைக்கச் சொன்னார். பிறகு கேட்டைத் தாண்டி வெளியே போய் நின்றார். இது ரோஷத்தால் செய்த காரியம் அல்ல. போர்மேன் உள்ளே இல்லாதபோது மருந்தை யாரும் தொடக் கூடாது என்பது விதி. சேர்ந்த முதல் நாளே அரை நாள் விளக்கிச் சொல்லப்பட்ட விதி. ஆகவே நூற்றியிருபது பேரும் கை கழுவிவிட்டு வெளியே வந்து, பொட்டலில் நாலு நாலு பேராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வெற்றிலை டப்பாக்கள் திறந்தன.

"ஏன் ஒக்காந்திருக்கீக? உள்ள போங்க," என்றார் முதலாளி.

"போர்மேன் இல்லியே மொதலாளி," என்றாள் மாடத்தி. "நீங்க வேணா மருந்த அளந்து குடுங்க. அடைச்சுக்கிடுதோம்."

தனுஷ்கோடி கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வத்தல் கிட்டங்கிச் சாவி மாதிரியேதான் இருந்தது. திறந்தால் உள்ளே எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. அது தெரியாது என்பது மட்டும் நல்லவேளையாகத் தெரிந்திருந்தது. சிவகாசியில் சர்ட்டிபிகேட் வைத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்ன பத்துப் பேரில் மூன்று பேருக்குக் கேட்டுக்கு வெளியே போய்ப் போன் போட்டார். சீசன் நேரம், மூன்று பேருமே வேலையில் இருந்தார்கள். ஒருவர் மட்டும், "ரூமுக்கு எத்தன பேரு மொதலாளி?" என்று கேட்டார். எட்டு என்றதும், லயன் சரியாகக் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் டீலர் கூப்பிட்டார். அவர் பேசுவது வெளியே நின்ற ஊர்க்காவலனுக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, அம்புட்டு ஆளு வச்சிருக்கீங்களே, மொதல் லோடு எப்ப வரும்?"

முதலாளி ஒரு கணம் பொட்டலைப் பார்த்தார். "கோயில் கொடையப்பா," என்றார். "அம்புட்டுப் பேரும் லீவுல போயிருக்காக. போன வருசம் அனுப்புனது எம்புட்டோ, அம்புட்டுத்தான் இந்த வருசமும். கூடத் தர முடியாது."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஊர்க்காவலன் பக்கம் பார்க்காமலே சாவியை நீட்டினார்.

"நாலு நாலு பேராவே இருக்கட்டும்."

ஊர்க்காவலன் சாவியை வாங்கி இடுப்பில் சொருகினார். செருப்பைக் கழற்றினார். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய், முதல் அறையின் கதவு தடையில்லாமல் வெளியே திறக்கிறதா என்று உள்ளிருந்து தள்ளிப் பார்த்தார். தண்ணீர்ச் சட்டி நிறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் மாடத்தியையும் மற்ற மூன்று பேரையும் உள்ளே விட்டார். போகிற போக்கில் மாடத்தி, "லீவு முடிஞ்சிருச்சாம், மத்த மாடத்திகளுக்கும் சொல்லி விடுங்கடி," என்றாள்.

முதலாளி வெயிலில் நின்றபடி, "இன்னும் எம்புட்டு நேரம்யா ஆகும்?" என்று கத்தினார்.

"இன்னும் இருபத்தொம்பது ரூம் மொதலாளி," என்றார் ஊர்க்காவலன், அடுத்த கதவை இழுத்துத் திறந்துகொண்டே. "ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."